மனச்சோர்வுக்கு மூளை ஸ்கேன்: எப்போது எடுக்கலாம், எப்போது அந்தப் பணத்தை வேறெதற்கு வைக்கலாம்

வீட்டில் ஒருவருக்கு டிப்ரஷன் என்று மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிவிட்டது. தூக்கம் கொஞ்சம் தேறியிருக்கிறது. மற்றபடி ஆள் பழைய ஆளாக இல்லை. மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அதற்குள் சொந்தக்காரர் ஒருவர், "எதுக்கும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அப்புறம் வீடு முழுக்க அதே பேச்சுதான். நெஞ்சுவலிக்கு ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள், மூளைக்கு மட்டும் ஏன் வெறும் பேச்சைக் கேட்டு மருந்து எழுதுகிறார்கள்?

கேள்வி நியாயமானதுதான். அந்தக் குடும்பத்தின் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. சாதாரண சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். "மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்" என்று சொல்லி விற்கப்படும் ஸ்பெக்ட் போன்றவற்றுக்குப் போகலாம். ஸ்கேனே இல்லாமல் டோஸையோ மருந்தையோ மாற்றலாம், பேச்சு சிகிச்சை சேர்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் தலையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் டி.எம்.எஸ்., மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமின், மின் அதிர்வு சிகிச்சையான இ.சி.டி. என்று அடுத்த வரிசை இருக்கிறது.

என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மூளைப் பட ஆராய்ச்சியால் மனநோயாளிகளுக்குக் கிடைத்திருக்கும் நன்மை பெரியது. ஆனால் அதில் பெரும்பகுதி, ஆய்வுக்கூடங்களில் பிறர் தலையைப் படம் பிடித்துக் கண்டுபிடித்தது. மாத்திரையின் மில்லிகிராமிலும், காந்தச் சுருளைத் தலையில் எங்கே வைப்பது என்பதிலும் அது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் வீட்டு நோயாளியின் தலையைத் தனியாக ஸ்கேன் செய்து டிப்ரஷனைக் கண்டுபிடிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

சாதாரண எம்.ஆர்.ஐ., சி.டி.

இவை மூளையின் அமைப்பைக் காட்டும். கட்டி, ரத்தக்கசிவு, நீர் கோத்தல், பழைய பக்கவாதத்தின் தடம், இதெல்லாம் தெரியும். மனச்சோர்வு தெரியாது. ஆகவே இதை எடுப்பதற்கு ஒரே காரணம், "இது மனநோய் மாதிரி வேஷம் போடும் வேறு நோயோ?" என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குத் தடயம் வேண்டும். வாழ்க்கையில் ஒருமுறைகூட மனப்பிரச்சினை இல்லாதவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று குணம் மாறுவது, புதிதாகத் தலைவலியும் வாந்தியும், ஒரு பக்கம் கைகால் தளர்வு, நடை தடுமாற்றம், வேகமாக ஞாபகம் மங்குவது, சமீபத்தில் தலையில் அடி. முதல் தடவையாக வலிப்பு வந்தால் யோசிக்காமல் ஸ்கேன் எடுக்கவேண்டும். நம் பக்கத்தில் நாடாப்புழு முட்டையால் மூளையில் வரும் நீர்க்கட்டியும், காசநோய்க் கட்டியும் அபூர்வமானவை அல்ல.

தடயம் எதுவும் இல்லாவிட்டால்? மனச்சோர்வைவிடக் கடுமையான, பிரமையும் குரல் கேட்பதுமாக முதன்முறை வரும் சைக்கோசிஸுக்கே இதில் கருத்து வேறுபாடு உண்டு. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-இல், எல்லோருக்கும் வழக்கமாக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்றது. 2023-இல் 12 ஆய்வுகளில் இருந்த 1,613 நோயாளிகளின் படங்களைத் திரட்டிப் பார்த்தவர்கள், சுமார் 6 சதவீதம் பேரிடம் சிகிச்சையையே மாற்றவேண்டிய அளவுக்கு ஏதோ இருந்தது என்றார்கள். 6 சதவீதம் சின்ன எண்ணிக்கை இல்லை. எனவே முதல்முறை சைக்கோசிஸ் என்றால் ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுப்பதை நான் தடுக்க மாட்டேன். தடயமில்லாத மனச்சோர்வுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோரின் படத்தில் ஏதோ ஒரு "மாறுதல்" இருந்தது. 6 சதவீதம் போக மீதியெல்லாம் சிகிச்சைக்குப் பயன்படாத சமாச்சாரம். ரிப்போர்ட்டில் இது எப்படி வரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். "நான்ஸ்பெசிஃபிக் ஒயிட் மேட்டர் ஹைப்பர்இன்டென்சிட்டீஸ்" என்று ஒரு வரி இருக்கும். கீழே "மருத்துவரீதியாக ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்ற பொருளில் இன்னொரு வரி. வயதானால், பிரஷர் இருந்தால், ஒற்றைத் தலைவலி இருந்தால், சில சமயம் எதுவுமே இல்லாவிட்டாலும் வரும் வெள்ளைப் புள்ளிகள் அவை. ஆனால் குடும்பத்தின் காதில் "மூளையில் ஏதோ புள்ளி இருக்கிறதாம்" என்றுதான் விழும். அப்புறம் நியூராலஜிஸ்ட், இரண்டாவது எம்.ஆர்.ஐ., மனநல மாத்திரையை நிறுத்திவிட்டு "முதலில் புள்ளியைச் சரிசெய்வோம்" என்ற முடிவு. இழந்தது பணம் மட்டுமல்ல, இரண்டு மாதச் சிகிச்சையும்தான்.

மறுபக்கம், ஸ்கேன் சுத்தமாக இருந்தால் எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2007-இல் ஹோசப் டால்மோவின் குழு விவரித்த என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்புப் புரத மூளை அழற்சியில் (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய்), இளம்பெண் ஒருத்தி திடீரென்று பிதற்றுவாள், வலிப்பு வரும், உடல் விறைக்கும், எம்.ஆர்.ஐ. பல சமயம் நார்மல். காட்டிக்கொடுப்பது முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும்தான்.

மனச்சோர்வு மாதிரியே நடிக்கும் நோய்களில் நம் வீடுகளில் அதிகம் இருப்பவை தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை. மூன்றும் ஒரு சிரிஞ்ச் ரத்தத்தில் தெரிந்துவிடும். இந்த டெஸ்ட்டுகளைச் செய்யாமல் எம்.ஆர்.ஐ.க்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வண்ணப் படம் காட்டும் ஸ்கேன்கள்

ஸ்பெக்ட் ஸ்கேனில் டெக்னீஷியம் கலந்த கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, மூளையில் ரத்த ஓட்டம் எங்கே கூட, எங்கே குறைவு என்று பார்க்கிறார்கள். வலிப்பு நோயிலும் மறதி நோயிலும் இதற்கு உண்மையான உபயோகம் உண்டு. பிரச்சினை, இதை வைத்து "உங்களுக்கு இன்ன வகை டிப்ரஷன்" என்று சொல்வதில்தான். மனநோய் எதையும் மூளைப் படத்தை வைத்துக் கண்டறியும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வல்லுநர் குழு 2018-இலும் எழுதியது.

காரணம் இதுதான். எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டு 2016-இல், மனச்சோர்வு உள்ள 1,728 பேரையும் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டது. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, நோயாளிகளுக்குச் சராசரியாக 1.24 சதவீதம் சிறியது. உண்மையான வித்தியாசம், மறுக்க முடியாது. ஆனால் இரண்டு பள்ளிக்கூடங்களின் பத்தாம் வகுப்புச் சராசரி ஐந்து மார்க் வித்தியாசப்படுகிறது என்று வையுங்கள். எதிரே நிற்கும் ஒரு பையனின் மார்க்கை மட்டும் வைத்து அவன் எந்தப் பள்ளி என்று சொல்ல முடியுமா? ஜெர்மனியின் மூன்ஸ்டர் குழு இதைத்தான் நேரடியாகச் சோதித்தது. 2022-இல் வெளியான அந்த ஆய்வில் 1,809 பேர். எம்.ஆர்.ஐ.யில் எடுக்கக்கூடிய அளவுகள் பலவற்றையும் எடுத்தார்கள். எந்த ஒரு அளவை வைத்தும் நோயாளி யார், நலமானவர் யார் என்று பிரித்தால் 56 சதவீதத்தைத் தாண்டவில்லை. காசு சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும்.

அந்தச் சிவப்பு, நீலப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூளையில் நிறம் எதுவும் எரிவதில்லை. புள்ளியியல் கணக்கில் ஓர் எல்லையைத் தாண்டிய இடத்துக்கு கம்ப்யூட்டர் சாயம் பூசுகிறது. எல்லையை எங்கே வைப்பது என்பது மனிதர் முடிவு. 2009-இல் கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளர் செத்த சால்மன் மீனை, மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்க்கும் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.யில் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, "இவர் என்ன உணர்கிறார்?" என்று கேட்டார். கணக்கைச் சரியாகத் திருத்தாவிட்டால் மீனின் மூளையிலும் "செயல்பாடு" தெரிந்தது. 2012-இல் அதற்கு, சிரிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக்நோபல் பரிசைக் கொடுத்தார்கள். சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், 2020-இல் வெளியான இன்னொன்று இருக்கிறது: ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே 9 கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு குழுக்கள்கூட ஒரே முறையில் அலசவில்லை. பல கேள்விகளுக்கு விடையும் ஒத்துப்போகவில்லை. அனைவரும் தேர்ந்த ஆய்வாளர்கள்.

மனச்சோர்வைக் கண்டறிய ஸ்பெக்ட்டுக்குப் பணம் கட்டுவதா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். இதில் இரண்டு பக்கமும் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

டோஸைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா

படங்கள் உண்மையிலேயே சோறு போட்ட இடம் இது. யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில், ஒரு மருந்து மூளையில் எத்தனை பங்கு ஏற்பிகளை, அதாவது மருந்து போய் ஒட்டும் இடங்களை, பிடித்திருக்கிறது என்று அளக்க முடியும். 1980-களில் ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் லார்ஸ் ஃபார்டே இதைத் தொடங்கினார். டொராண்டோவில் ஷிதிஜ் கபூரின் குழு 2000-இல், முதல்முறை சைக்கோசிஸ் வந்த 22 பேருக்கு ஹாலோபெரிடால் என்ற சைக்கோசிஸ் மருந்தை முதலில் தினம் 1 அல்லது 2.5 மில்லிகிராம் கொடுத்து அளந்தது. டோபமின் என்ற மூளை ரசாயனத்தின் டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் குணம் தெரிகிறது. 78-ஐத் தாண்டினால் கை நடுக்கம், விறைப்பு போன்ற பக்கவிளைவு ஆரம்பிக்கிறது. அதற்கு முன் இதே மருந்தைப் பத்து, இருபது மில்லிகிராம் என்று கொடுத்த காலம் உண்டு. அன்றைய நோயாளிகள் எச்சில் ஒழுக, பொம்மை மாதிரி நடந்ததில் ஒரு பங்கு, தேவையில்லாத டோஸின் வேலை. இன்று டாக்டர் குறைந்த அளவில் ஆரம்பித்தால், அதற்குப் பின்னால் அந்தப் படங்களும் இருக்கின்றன.

மனச்சோர்வு மாத்திரைகளுக்கும் இதே கணக்கு வந்தது. 2004-இல் ஜெஃப்ரி மேயரின் குழு காட்டியபடி, ஃப்ளூயோக்ஸெடின் 20, செர்ட்ராலின் 50 மில்லிகிராம் என்ற வழக்கமான ஆரம்ப டோஸிலேயே இந்த மாத்திரைகளின் இலக்கான செரட்டோனின் கடத்திகளில் சுமார் 80 சதவீதம் அடைபட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஏற்ற ஏற்ற, கூடுதலாகப் பிடிக்க அதிகம் மிச்சமில்லை. பக்கவிளைவு மட்டும் கூடும். எனவே "டோஸை ஏத்திக் கொடுங்க டாக்டர்" என்று கேட்பதைவிட, போதிய டோஸை ஆறிலிருந்து எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் பலனில்லை என்றால் மாற்றுவதைப் பற்றிப் பேசுவது பல சமயம் புத்திசாலித்தனம். ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் ஓ.சி.டி. மட்டும் விதிவிலக்கு, அதற்கு உயர்ந்த டோஸ்தான் வழக்கம். எதுவானாலும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டுமா என்ன.

மாத்திரையா, பேச்சு சிகிச்சையா

இதற்கு ஸ்கேன் வழிகாட்டுமா என்ற கேள்வியில் ஹெலன் மேபெர்க்கின் எமரி பல்கலைக்கழகக் குழு அதிக தூரம் போயிருக்கிறது. 2013 ஆய்வில், சிகிச்சைக்கு முன்பே பெட் எடுத்துவிட்டு, பாதிப் பேருக்கு எஸ்சிடலோபிராம், பாதிப் பேருக்கு சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை கொடுத்தார்கள். வலது முன் இன்சுலா என்ற பகுதி மந்தமாக இருந்தவர்கள் பேச்சு சிகிச்சையில் தேறினார்கள், மாத்திரையில் தேறவில்லை. அது சுறுசுறுப்பாக இருந்தவர்களுக்கு நேர்மாறு. அழகான முடிவுதான், ஆனால் தெளிவான விடை கிடைத்து அலசப்பட்டவர்கள் 38 பேர். 2024-இல் ஸ்டான்ஃபோர்டின் லியேன் வில்லியம்ஸ் குழு 801 பேரின் படங்களிலிருந்து மனச்சோர்வையும் பதற்றத்தையும் ஆறு வகையாகப் பிரித்து, சில வகைக்குச் சில சிகிச்சை அதிகம் பலித்ததைக் காட்டியது. நம்பிக்கை தரும் பாதை. நம் ஊர் ஸ்கேன் சென்டரில் வாங்கக்கூடிய டெஸ்ட் அல்ல.

ஆக, இப்போதைக்கு இந்த முடிவை வேறு விஷயங்களை வைத்துத்தான் எடுக்கவேண்டும். லேசானது, நடுத்தரமானது என்றால் இரண்டில் எதுவும் சரி. முன்பு எது பலித்தது, கர்ப்பம், தாய்ப்பால், வேறு நோய்கள், வாரம் ஒரு மணிநேரம் ஒதுக்க முடியுமா, பயிற்சி பெற்ற சைக்காலஜிஸ்ட் போய்வரும் தூரத்தில் இருக்கிறாரா, இதெல்லாம்தான் எடை போடும். கடுமையானது என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது. எம்.ஆர்.ஐ.க்கு ஒதுக்கிய பணத்தில் சில அமர்வுகளாவது நடக்கும்.

டி.எம்.எஸ்., கெட்டமின், இ.சி.டி.

இரண்டு மருந்துகள் பலிக்காதபோது வரும் கட்டம் இது. டி.எம்.எஸ். அமெரிக்காவில் 2008-இல் அனுமதி பெற்றது. மயக்க மருந்து இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, காந்தச் சுருளை முதலில் உச்சந்தலைக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, மெல்ல சக்தியைக் கூட்டிக்கொண்டே எதிர்ப்பக்கக் கட்டைவிரலைப் பார்ப்பார்கள். எந்த அளவில் விரல், பத்துக்கு ஐந்து முறையாவது, தானாகத் துள்ளுகிறதோ அதுதான் அந்த நபருக்கான அளவு. பிறகு சுருளை நெற்றியின் இடதுபக்கம் நகர்த்தி, மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக்டக்கென்று துடிப்புகள்.

எங்கே நகர்த்துவது என்பதில்தான் படங்கள் வருகின்றன. முன்பு விரல் துள்ளிய இடத்திலிருந்து 5 செ.மீ. முன்னால் என்று ஸ்கேல் கணக்கில் வைத்தார்கள். தலையின் அளவு ஆளுக்கு ஆள் மாறுமே என்ற கவலை இல்லாமல். 2012-இல் மைக்கேல் ஃபாக்ஸின் குழு, மூளையின் அடியில் உள்ள சப்ஜெனுவல் சிங்குலேட் பகுதியோடு எதிர்த்திசையில் இயங்கும் இடத்தில் வைத்தால் பலன் அதிகம் என்று காட்டியது. அதை ஆளுக்கு ஆள் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.யில் தேடிப் பிடித்து, தினம் பத்து அமர்வு வீதம் ஐந்தே நாளில் முடிப்பதுதான் ஸ்டான்ஃபோர்டின் செயின்ட் முறை. நோலன் வில்லியம்ஸ் குழுவின் சோதனையில் 79 சதவீதம் பேர் நோய்க்குறி நீங்கினார்கள், போலிச் சிகிச்சையில் 13 சதவீதம். 2022-இல் அமெரிக்க அனுமதியும் வந்தது. ஆனால் அந்தச் சோதனையில் இருந்தது 29 பேர்தான்.

2024-இல் பிரிட்டனின் பிரைட்மைண்ட் சோதனை வந்தது. 255 பேர். ஒரு பாதிக்கு ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. பார்த்து ஆளுக்கேற்ற இடம், மறுபாதிக்குச் சாதாரண எம்.ஆர்.ஐ.யை வைத்து வழக்கமான இடம். ஆறு மாதம் பார்த்தும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் செயின்ட் ஜெயித்தது இடத்தாலா, ஒரே நாளில் பத்துமுறை கொடுத்த வேகத்தாலா? எனக்கென்னவோ வேகத்தின் மேல்தான் சந்தேகம். எனவே "பிரெய்ன் மேப்பிங்" என்ற பெயரில் பெரிய தொகை கூடுதலாகக் கேட்டால், நான் கட்ட மாட்டேன். அதற்குப் பதில், விரல் துள்ளும் அளவை முறையாக எடுக்கிறார்களா, தலையை டேப்பால் அளந்தாவது இடத்தைக் குறிக்கிறார்களா, இருபது முப்பது அமர்வு முழுதாகக் கொடுப்பார்களா என்று விசாரிப்பேன். அமர்வு நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 414 பேரை வைத்து 2018-இல் வந்த கனடா ஆய்வில், மூன்று நிமிட முறையும் 37 நிமிட முறைக்கு இளைத்ததாக இல்லை.

இ.சி.டி.யைப் பற்றி நம் சினிமா பதியவைத்த பயம் இன்னும் போகவில்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதை இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. "மூளை கெட்டுப்போகும்" என்ற பயத்துக்குப் படங்கள் பதில் சொல்லியிருக்கின்றன: சிகிச்சைக்குப் பின் ஹிப்போகாம்பஸ் சற்றுப் பெரிதாவதுதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. வேடிக்கை, யார் தேறுகிறார் என்பதோடு அந்த வீக்கத்துக்குச் சம்பந்தம் தென்படவில்லை. மறதி மட்டும் நிஜம். சிகிச்சை நடந்த வாரங்களின் நினைவுகள் சிலருக்குத் திரும்ப வருவதில்லை, அதைக் குடும்பத்திடம் மறைக்கக் கூடாது.

கெட்டமினோடு ஒப்பிட்டால்? பிரமை இல்லாத மனச்சோர்வுள்ளவர்களை வைத்து 2023-இல் நடந்த அமெரிக்கச் சோதனையில் கெட்டமினுக்கு 55, இ.சி.டி.க்கு 41 சதவீதம் பேர் பலன் பெற்றார்கள். 2022-இன் ஸ்வீடன் சோதனையில் நோய்க்குறி நீங்கியவர்கள் இ.சி.டி.யில் 63, கெட்டமினில் 46 சதவீதம் என்று தலைகீழ். அதில் மருத்துவமனையில் படுத்திருந்த, பிரமையும் உள்ள நோயாளிகள் இருந்தார்கள். நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு இ.சி.டி. பக்கம் சாய்கிறது என்றே நான் படிக்கிறேன். சாப்பாடு தண்ணீர் மறுப்பவர், அசையாமல் உறைந்து கிடப்பவர், உயிரை விடத் துடிப்பவர், இவர்களுக்கு ஸ்கேனுக்காக நாள் கடத்தக் கூடாது, அன்றே மருத்துவமனை. இந்தியாவில் எந்த நேரமும் டெலி-மானஸ் 14416-ஐக் கூப்பிடலாம்.

மூளைக்குள் மின்முனை பதிக்கும் டி.பி.எஸ். பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 2005-இல் ஆறு பேரில் நான்கு பேர் தேறினார்கள், உலகமே பேசியது, 90 பேரை வைத்து நடந்த பெரிய சோதனை பலன் தெரியாமல் நிறுத்தப்பட்டது. மனச்சோர்வுக்கு அது இன்னும் ஆராய்ச்சிதான்.

நானே ஸ்கேன் எடுக்கச் சொல்லும் இடம்

ஐம்பது, அறுபது வயதில், அதுவரை கூச்ச சுபாவமாக இருந்தவர் துக்க வீட்டில் ஜோக் அடிக்கிறார், இனிப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார், மனைவி அழுதாலும் கண்டுகொள்வதில்லை, கடையில் காசு கொடுக்காமல் பொருளை எடுத்துக்கொண்டு வருகிறார். மனச்சோர்வு என்றோ பைபோலார் என்றோ வருஷக்கணக்கில் மருந்து ஓடும். முன்மூளையும் பக்கமூளையும் சுருங்கும் டிமென்ஷியா இப்படித்தான் ஆரம்பிக்கும். இங்கே எம்.ஆர்.ஐ. அவசியம், அதில் தெளிவில்லை என்றால் எஃப்.டி.ஜி. பெட். புற்றுநோய்க்கு எடுக்கும் அதே மெஷின், ஊசியில் ஏற்றும் அதே சர்க்கரை. நெற்றிப்பக்கம் மட்டும் சர்க்கரையை எடுக்காமல் மங்கித் தெரிந்தால் நோயின் பெயரே மாறுகிறது. தேவையற்ற மாத்திரைகளை நிறுத்தலாம், பேங்க் கையெழுத்தையும் வண்டிச் சாவியையும் வேறொருவரிடம் மாற்றலாம், "வேணும்னே பண்றார்" என்ற சண்டையும் வீட்டில் அடங்கும். டாக்டர் ஸ்கேன் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, "ரிசல்ட் இப்படி வந்தால் எதை மாத்துவீங்க, அப்படி வந்தால் எதை மாத்துவீங்க?" என்று கேளுங்கள். இந்த நோயில் அதற்கு அவரிடம் உடனே பதில் இருக்கும்.